தாய்லாந்து வீட்டுச் சமையலில் தாய்லாந்துச் செடிகள் எவ்வளவு?

அரத்தை எழுதியது:

நண்பர்களே, கொஞ்ச நாளாக மண்டையைக் குடைகிற விஷயம் இது. பேசலாம் வாருங்கள்.

சோம் தம்மை எடுத்துக்கொள்வோம். பப்பாளிக்காயை நீளநீளமாகச் சீவி உரலில் போட்டு இடிப்பார்களே, அதுதான். தாய்லாந்தின் வடகிழக்கே ஈசான் பகுதியில் அதைச் செய்யத் தெரியாத வீடு கிடையாது. அங்கிருந்து பிழைப்புக்காக பாங்காக் வந்தவர்களோடு நாடு முழுக்கப் பரவிவிட்டது. அதில் போகிற சாமான்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பப்பாளி, மெக்சிகோவின் தெற்கும் மத்திய அமெரிக்காவும். மிளகாய், மெக்சிகோ. வேர்க்கடலை, தென் அமெரிக்காவில் பொலிவியாவும் அர்ஜென்டினாவும் சந்திக்கிற பக்கம். தக்காளிக்குக் காட்டுச் சொந்தங்கள் எல்லாம் ஆண்டீஸ் மலைச்சரிவில், பயிராக உருவானது மெக்சிகோவில். பூண்டு மத்திய ஆசியா. நீளக் காராமணி ஆப்பிரிக்காவில் பிறந்த தட்டைப்பயறு வம்சம். ஆசியாவுக்கு வந்த பிறகுதான் முழ நீளத்துக்கு நீண்டது. எலுமிச்சைகூடக் கலப்பில் பிறந்ததுதான். இமய அடிவாரத்து நாரத்தை வகை ஒன்றும் பிலிப்பைன்ஸ் காட்டு எலுமிச்சை ஒன்றும் அதற்குத் தாய் தகப்பன் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. மிஞ்சுவது பனைவெல்லம், மீனை உப்பில் ஊறவைத்து வடிக்கிற மீன் சாறு, காய்ந்த இறால்.

ஆனாலும் சோம் தம் யாருடையது என்று கேட்டால் யாரும் மெக்சிகோவைச் சொல்வதில்லை. லாவோஸ்காரர்கள் எங்களுடையது என்பார்கள், அது நியாயமான உரிமை.

என் கட்சி இதுதான்: ஒரு செடி எங்கே பிறந்தது என்பதை வைத்து அந்தச் சாப்பாடு யாருடையது என்று தீர்மானிக்க முடியாது. இன்றைக்கும் அதே உரலில் வெள்ளரிக்காயை இடிக்கிறார்கள், காராமணியை இடிக்கிறார்கள், மாங்காயை இடிக்கிறார்கள். இடிக்கிற கையும், புளிப்பு, உப்பு, காரம், இனிப்பு நாலையும் நின்று சரிபார்க்கிற நாக்கும் ஏற்கெனவே அங்கே இருந்தன. பப்பாளி பிறகு வந்து உரலில் விழுந்தது. மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

---

கலங்கரை எழுதியது:

வந்த வழியை நான் சொல்கிறேன். கொலம்பஸ் முதல் பயணம் முடிந்து ஸ்பெயின் திரும்பியது 1493. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் இறங்கியது 1498. போர்ச்சுகீசியர் கோவாவை 1510லும் மலாக்காவை 1511லும் பிடித்தார்கள். மலாக்கா விழுந்த அதே ஆண்டில், சயாம் என்று அப்போது பெயர் பெற்றிருந்த தாய்லாந்தின் தலைநகர் அயுத்தயாவுக்குத் தூதர் போய்விட்டார். 1516ல் வியாபார ஒப்பந்தமும் ஆயிற்று. பிறகு அயுத்தயாவின் ஆற்றங்கரையில் போர்ச்சுகீசியக் குடியிருப்பே இருந்தது. இது மேற்கு வழி.

கிழக்கிலும் ஒரு வழி இருந்ததை நம் ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். 1565லிருந்து 1815 வரை மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பெயின்காரர்களின் கப்பல் ஓடியது. மெக்சிகோச் செடிகள் ஆசியாவுக்கு வர இதைவிட நேரான பாதை வேண்டியதில்லை. சயாம் இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

மிளகாய்க்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பறவைகளுக்கு அதன் காரம் உறைக்காது. பழத்தைத் தின்றுவிட்டு விதையைப் போகிற இடமெல்லாம் எச்சத்தில் போட்டுவிட்டுப் போகும். துறைமுகத்தில் இறங்கிய மிளகாய் மலையடிவாரம்வரை போனதற்கு வியாபாரிகள் மட்டுமே காரணமாக இருக்கத் தேவையில்லை.

செடிகளோடு கைப்பக்குவமும் வந்தது. தாய்லாந்துக் கல்யாணங்களில் வைக்கிற ‘ஃபோய் தோங்’ என்ற பொன்னிற இனிப்பு, முட்டை மஞ்சள்கருவை நூல்நூலாகச் சர்க்கரைப்பாகில் விட்டு எடுப்பது, போர்ச்சுகல் பலகாரம். நாராய் மன்னர் காலத்தில் (1656–1688) அயுத்தயாவில் வாழ்ந்த மரியா கியோமார் டி பினா என்ற பெண்மணிதான் அதை அரண்மனைக்குக் கொண்டுபோனார் என்பது அந்நாட்டார் வழிவழியாகச் சொல்வது. அயுத்தயாவிலேயே பிறந்தவர், ஜப்பானிய, போர்ச்சுகீசிய வம்சாவளி. கணவர் கான்ஸ்டன்டைன் ஃபால்கன் கிரேக்கர், மன்னரின் அமைச்சர். 1688ல் அந்தக் கணவரைக் கொன்றுவிட்டார்கள். அந்த அம்மாள் பிழைத்து, பிற்காலத்தில் அரண்மனைச் சமையலறையில் வேலை பார்த்தார். அந்த வாழ்க்கையைப் பற்றித் தனி இழையே போடலாம்.

---

செல்வி_சியாங்மாய் எழுதியது:

மிளகாய் வருவதற்கு முன்னால் எப்படிச் சமைத்திருப்பார்கள் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. இன்றைக்கும் அப்படி ஒரு சட்டி அடுப்பில் ஏறுகிறது. கெங் லியாங் என்று பெயர். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று இங்கே பெரியவர்கள் கட்டாயம் வைத்துக் கொடுப்பார்கள்.

முதலில் மிளகை உரலில் தனியாக நுணுக்க வேண்டும். அப்புறம் சின்ன வெங்காயம், அது நீர் விட்டு மசிகிறவரை. பிறகு ஊறவைத்த காய்ந்த இறால், கடைசியாக இறால் விழுது. இந்த மசாலைக் கொதிக்கிற தண்ணீரில் கரைத்ததும் வருகிற வாசனை, ரசம் தாளித்த அடுப்படியில் பக்கத்தில் யாரோ கருவாடு சுட்டதுபோல இருக்கும். அதில் சுரைக்காய், பீர்க்கங்காய், கோவைக்கீரை என்று வேகிற நேரத்துக்குத் தக்கபடி ஒவ்வொன்றாகப் போடுவார்கள். அடுப்பை அணைக்கிறபோது எலுமிச்சை வாசம் அடிக்கிற ஒரு துளசி வகையைக் கிள்ளிப் போட்டு மூடிவிட வேண்டும். மிளகாய் கிடையாது, தேங்காய்ப்பால் கிடையாது. நாம் கோவையில் காயை மட்டும் பறித்துக்கொண்டு இலையை விட்டுவிடுகிறோம். இங்கே தளிர்க்கீரைதான் முதல் மரியாதை, சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும்.

ஆனால் கவனியுங்கள், அதே சட்டியில் இன்றைக்குப் பரங்கிக்காயும் குட்டி மக்காச்சோளமும் போடாதவர்கள் குறைவு. இரண்டும் அமெரிக்கச் செடிகள். மிளகாய் நுழையாத குழம்பிலும் அமெரிக்கா நுழைந்துவிட்டது, யாருக்கும் அது உறுத்தவில்லை.

இன்னொன்று. இந்த ஊர்ச் சமையலுக்கு அடித்தளம் என்று சொல்கிற மசால் ஒன்று இருக்கிறது. கொத்தமல்லி வேர், பூண்டு, மிளகு, இந்த மூன்றையும் சேர்த்து இடித்தது. வறுவலோ சாறோ இறைச்சி ஊறவைப்பதோ, இதில்தான் தொடங்கும். கொத்தமல்லி மத்தியதரைக்கடல், மேற்காசியப் பக்கம். பூண்டு மத்திய ஆசியா. மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலை. மூன்றில் ஒன்றுகூட தாய்லாந்துச் செடி இல்லை. நாம் கழுவித் தூக்கி எறிகிற கொத்தமல்லி வேரை எடுத்து மிளகோடு சேர்த்து இடிக்கலாம் என்று தோன்றிய அந்த யோசனை தாய்லாந்துடையது. அரத்தை சொல்வதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன்.

---

பயிர்நூல் எழுதியது:

எல்லோரும் வெளியிலிருந்து வந்ததையே எண்ணுகிறீர்கள். உள்ளூர்ச் சரக்கையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு சரியாக வரும்.

பேரரத்தை, கிரச்சாய் என்கிற விரல்விரலான கிழங்கு, இலைக்காகவும் தோலுக்காகவும் வளர்க்கிற கரடுமுரடான மக்ரூட் எலுமிச்சை, மங்குஸ்தான், வாழை இனங்களில் ஒரு பெரிய பங்கு ஆகியவை எல்லாம் தென்கிழக்கு ஆசியாவின் சொந்தச் சொத்து. கரும்பு நியூ கினித் தீவில் பிறந்தது. தென்னைக்கு இரண்டு பிறப்பிடங்கள். 2011ல் வந்த மரபணு ஆய்வு, பசிபிக் பக்கத்தில் தென்கிழக்கு ஆசியத் தீவுகளிலும், இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் தென்னிந்தியா, இலங்கை, மாலத்தீவு, லட்சத்தீவுப் பகுதியிலும் தனித்தனியாகப் பயிராக்கப்பட்டது என்று காட்டியது. ஆக தேங்காய்ப்பால் விஷயத்தில் அவர்களும் நாமும் சமம்.

அரிசியே வெளியூர்தான் என்பதை யாரும் சொல்லவில்லையே? நெல் பயிரானது சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில். அங்கிருந்து தெற்கே நகர்ந்த உழவர்களோடு சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் தாய்லாந்துக்கு வந்தது. ஆனால் செல்வி அம்மா ஊரில் மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்துக் கையால் உருட்டிச் சாப்பிடுகிற ஒட்டரிசி இருக்கிறதே, அந்த ஒட்டும் தன்மைக்குக் காரணமான மரபணு மாற்றம் ஒரே ஒருமுறை, அதுவும் தென்கிழக்கு ஆசியாவில் நடந்தது என்பது ஆய்வாளர்கள் முடிவு. வந்த செடியை அந்த ஊர் மாற்றி வைத்துக்கொண்டது. ‘பிறப்பிடம்’ என்று ஒரே புள்ளியை வைத்துப் பேசுவது போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ரஷ்யாவின் நிகலாய் வவிலோவ். ஒரு பயிரின் வகைகளும் காட்டுச் சொந்தங்களும் எங்கே குவிந்திருக்கின்றனவோ அங்கே அதன் பிறப்பிடத்தைத் தேடு என்றார். 1926ல் வெளியிட்ட கருத்து அது. உலகமெல்லாம் சுற்றி விதை சேர்த்த மனிதர் 1940ல் கைதாகி, 1943ல் சரதோவ் சிறையில் பட்டினியால் நொடிந்து செத்தார். அதே காலத்தில் முற்றுகையில் இருந்த லெனின்கிராடில் அவருடைய நிறுவனத்து ஊழியர்கள் சிலர், அரிசியும் கடலையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, விதையைத் தொடாமல் பசியில் இறந்தார்கள். நாம் சௌகரியமாக உட்கார்ந்து ‘எது எங்கே பிறந்தது’ என்று பேசுவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

2016ல் 177 நாடுகளின் உணவை ஆராய்ந்து வந்த ஆய்வு ஒன்றும் உண்டு. சராசரியாக ஒரு நாட்டின் உணவில் 69 சதவீதம் வேறு பகுதியில் பிறந்த பயிர்களிலிருந்து வருகிறது என்று அது கணக்கிட்டது. தாய்லாந்து ஒன்றும் விதிவிலக்கு இல்லை, நாமும் இல்லை.

---

மிளகுக்கொடி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

‘வந்தது, சேர்ந்துகொண்டது’ என்று பேசும்போது போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. மிளகாய்க்கு முன்னால் அந்த நிலப்பகுதி முழுக்க மிளகு, திப்பிலி, இஞ்சி, அரத்தை என்று காரத்துக்கு நாலைந்து குரல்கள் இருந்தன. ஒவ்வொன்றின் காரமும் வேறு. மிளகு மூக்கில் ஏறும், திப்பிலி நாக்கின் அடியில் மெதுவாக வந்து நிற்கும், அரத்தை தொண்டையில் இறங்கும். மிளகாய் சுலபமாக விளையும், வீட்டு வாசலில் ஒரு செடி போதும். விலை கொடுத்து வாங்க வேண்டிய மிளகுக்கு எதிரே அது ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் பல குரல்கள் அடங்கிப்போனதும் உண்மை. நம் ஊரிலும் அதே கதைதான், திப்பிலி சமையலறையை விட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போய்விட்டது.

அப்புறம் இந்தச் செடிகளைக் கொண்டுவந்த கப்பல்கள் பரிசுப்பெட்டி ஏற்றி வரவில்லை. மலாக்காவை எரித்துப் பிடித்த கப்பல்கள் அவை. அமெரிக்காவில் இந்தச் செடிகளைப் பல ஆயிரம் ஆண்டுகள் பாடுபட்டுப் பயிராக்கிய மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் தெரியும். சோம் தம் சாப்பிடுகிறபோது மெக்சிகோ உழவனின் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. ‘யாருடையது என்பதற்குப் பிறப்பிடம் விடை ஆகாது’ என்று அரத்தை ஒரே வரியில் முடிப்பது அவர்களைக் கணக்கிலிருந்து அழிப்பதுபோல எனக்குப் படுகிறது.

---

செல்வி_சியாங்மாய் எழுதியது:

மிளகுக்கொடி, கடைசிப் பத்தியில் சொன்னது மனதில் தைத்தது. அதை மறுக்கப் போவதில்லை.

ஆனால் அந்தக் குரல்கள் அடங்கவில்லை, இன்னும் சமைக்கிறார்கள். கெங் பா என்று காட்டுப்புறக் குழம்பு உண்டு, தேங்காய்ப்பால் சேர்க்காதது. அதில் பச்சை மிளகைச் சரம்சரமாகக் காம்போடு போடுவார்கள், கிரச்சாயை நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து கை நிறைய அள்ளிப் போடுவார்கள். மிளகாயும் இருக்கும், ஆனால் பச்சை மிளகைக் கடிக்கும்போது அதன் குரல் தனியாகக் கேட்கும். பக்கத்திலேயே குட்டிக்குட்டியாகச் சுண்டைக்காய் மிதக்கும். நாம் வற்றல் போடுகிற அதே சுண்டைக்காய்தான். பச்சைக் கறி என்கிற, பச்சை மிளகாய் மசாலில் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பிலும் அதையே போடுவார்கள், முழுசாக.

---

பயிர்நூல் எழுதியது:

சுண்டைக்காயும் அமெரிக்கா. மெக்சிகோவிலிருந்து பிரேசில்வரையும் கரீபியன் தீவுகளிலும் இயல்பாக வளர்வது. இங்கே கிராமத்துப் புறம்போக்கில் தானாக முளைத்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் நம்பத் தோன்றாது. ஈசானில் சோம் தம்மோடு பச்சையாகக் கடித்துக்கொள்ள வைக்கிற ஒரு கொழுந்து உண்டு, நம் ஊரில் ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிற சூபாபுல் அது. அதுவும் மெக்சிகோ.

---

வடலி எழுதியது:

யாழ்ப்பாணத்து ஆள், இருக்கிறது டொரண்டோவில. ஒரு விசயம் சொல்லட்டோ?

அரத்தை ‘மிஞ்சுவது பனைவெல்லம்’ எண்டு ஒரு சொல்லோட கடந்து போட்டார். எங்களுக்கு அது பெரிய விசயம். தாய்லாந்தில பெட்சபுரி எண்ட மாகாணம் முழுக்கப் பனை. வயல் வரப்பில நிரைநிரையா நிக்கும். அங்க இளம் பனங்காயின்ர தலைப்பக்கத்தை அரிஞ்சு தேங்காய்ப்பாலில கறி வைப்பினம், கெங் ஹுவா தான் எண்டு அந்த ஊருக்கே பேர்போன கறி. பழுத்த பனம்பழத்தைப் பிசைஞ்சு களி எடுத்து, அரிசிமாவோட சேர்த்துப் புளிக்க வச்சு அவிக்கிற பலகாரமும் இருக்கு. எங்கட பனங்காய்ப் பணியாரத்தை நாங்கள் எண்ணெயில போடுவம், அவை ஆவியில அவிப்பினம். அந்த மஞ்சள் நிறமும் வாசமும் ஒண்டுதான்.

அதே மாதிரி ரம்பை இலை. இறைச்சிக்கறியில ரம்பை போடாட்டி எங்கட வீட்டில ஒருத்தரும் ருசி எண்டு சொல்லாயினம். தாய்லாந்துக்காரர் அதே இலையில கோழியைச் சுத்திப் பொரிப்பினம், இடிச்சுச் சாறெடுத்துப் பலகாரத்துக்குப் பச்சை நிறம் குடுப்பினம். இனிப்புக்கு எடுக்கிற இலையை நாங்கள் உறைப்புக் கறிக்குள்ள போடுறம். ஒரே செடி, ரெண்டு ஊர், ரெண்டு கை. இதைத்தான் அரத்தையும் சொல்லுறார் எண்டு நினைக்கிறன்.

---

புதுவை_இளன் எழுதியது:

ஒரு சந்தேகம். பட் கப்ராவ் என்கிற பொரியலில் துளசி போடுவார்கள் என்கிறார்களே, அது நம் வீட்டு முற்றத்துத் துளசியா? சமைத்தால் கசக்காதா?

---

செல்வி_சியாங்மாய் எழுதியது:

அதே இனம்தான் தம்பி. இலை கொஞ்சம் பெரிது, கிராம்பு வாசம் தூக்கல். பூண்டும் மிளகாயும் இடித்து எண்ணெயில் போட்டு, கொத்துக்கறியை அதிக நெருப்பில் புரட்டி, மீன் சாறு விட்டு, கடைசியில் இலையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு உடனே இறக்கிவிட வேண்டும். நேரம் போனால்தான் கசக்கும். பச்சைக் கறியில் போடுவது வேறு இலை, ஹோரபா. அது நம் திருநீற்றுப்பச்சிலையின் ஒரு ரகம், சோம்பு வாசம் வரும். வீட்டில் திருநீற்றுப்பச்சிலை இருந்தால் தைரியமாகப் போடு, ஓரளவு கிட்டத்தில் வரும். ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டால் மட்டும் சுவை கெட்டுவிடும்.

---

குச்சிக்கிழங்கு_விவசாயி எழுதியது:

வணக்கம். நான் சேலம் மாவட்டம், மரவள்ளி போடுகிறவன். சமையலைப் பற்றி உங்கள் அளவுக்குத் தெரியாது, ஆனால் பிறப்பிடம் முக்கியமில்லை என்று அரத்தை சொன்னதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்கு அது சோற்றுப் பிரச்சினை.

மரவள்ளி அமேசான் படுகையின் தென்மேற்கில் பிறந்த செடி. இன்றைக்கு மரவள்ளி மாவும் சீவலும் உலகத்திலேயே அதிகம் ஏற்றுமதி செய்வது தாய்லாந்து. ஈசான் பக்கம் போனால் காடு காடாக நிற்கும். 2008ல் அங்கே மரவள்ளி மாவுப்பூச்சி இறங்கியது. அதுவும் தென் அமெரிக்காவில் பிறந்த பூச்சி. நுனிக்குருத்தில் வெள்ளையாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும், இலை சுருண்டு முடிச்சு முடிச்சாகிவிடும், கணு நெருங்கிச் செடி குட்டையாகிவிடும். அடுத்த வருடம் நடுவதற்குக் குச்சிகூடத் தேறாது. மருந்து அடித்தாலும் குருத்துக்குள் ஒளிந்துகொள்ளும், மெழுகுப்பூச்சு வேறு.

அதற்குத் தீர்வு எங்கே கிடைத்தது தெரியுமா? செடியும் பூச்சியும் பிறந்த கண்டத்தில். இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் புகுந்து மரவள்ளியை அழித்தபோது, விஞ்ஞானிகள் தென் அமெரிக்கா முழுக்கத் தேடி 1981ல் பராகுவேயில் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள், கூடவே அதைக் கொல்கிற ஒரு குட்டிக் குளவியையும். அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும், குஞ்சு உள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வரும். ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் அதை விட்டுப் பயிரைக் காப்பாற்றினார்கள். அதற்காக ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. தாய்லாந்து 2009ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைக் கொண்டுவந்து 2010ல் வயல்களில் பறக்கவிட்டது. பூச்சி அடங்கியது.

எங்கள் பக்கம் 2020ல் வந்தது. முதலில் கேரளாவில் திருச்சூரில் பார்த்தார்கள், பிறகு சேலம், நாமக்கல், ஈரோடு என்று எல்லா இடமும். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பெங்களூர் நிறுவனம் பெனினிலிருந்து குளவியை வரவழைத்து வளர்த்தது. 2022ல் எங்கள் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விட ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் 2008ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்ததே, அது மெக்சிகோப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் காலி செய்தது. 2010ல் புவேர்ட்டோ ரிகோவிலிருந்து குளவி வந்த பிறகுதான் மூச்சு விட்டோம்.

செடியின் பூர்வீகம் தெரியாமல் இருந்திருந்தால் இந்தக் குளவிகளை எங்கே போய்த் தேடியிருப்பார்கள்? சமையலறையில் செடியின் ஊர் முக்கியமில்லாமல் இருக்கலாம். வயலில் முக்கியம்.

---

அரத்தை எழுதியது:

அண்ணே, இந்தப் பதிவுக்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை என்று நினைக்கிறேன். மிளகுக்கொடியும் நீங்களும் வேறு வேறு பக்கத்திலிருந்து ஒரே இடத்துக்கு வருகிறீர்கள். அவர் ‘பயிராக்கியவர்களை மறக்காதே’ என்கிறார், நீங்கள் ‘பயிரின் சொந்த ஊரை அழியவிடாதே’ என்கிறீர்கள். மெக்சிகோவில் காட்டு மிளகாயும், ஆண்டீஸில் காட்டுத் தக்காளியும், அமேசானில் காட்டு மரவள்ளியும் இருக்கிற வரைக்கும்தான் பாங்காக்கில் உரல் சத்தம் கேட்கும் என்று இதற்கு அர்த்தம். நோய் தாங்குகிற குணத்தைத் தேடிப் போக வேறு இடம் இல்லை.

உணவு யாருடையது என்ற கேள்விக்கு என் பதில் அப்படியே நிற்கிறது, அது சமைக்கிறவர்களுடையது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்கிறவர்களுக்குப் பிறப்பிடத்துக் காடுகள்மேல் ஒரு கடமை உண்டு என்பதையும் கூடவே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

---

கறிவேப்பிலை_வீடு எழுதியது:

இவ்வளவு பேசிவிட்டு மஸ்ஸமன் கறியை விட்டுவிட்டீர்களே! அது நம் ஊர்க் குருமா மாதிரிதானே இருக்கிறது, எங்கிருந்து போனது?

---

கலங்கரை எழுதியது:

அது முஸ்லிம் வணிகர்கள் வழியாக வந்த கறி, ‘முசல்மான்’ என்பதன் திரிபான பெயரே அதைத்தான் சொல்கிறது. சீரகம், மல்லி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய் என்று வறுத்துப் பொடித்த காய்ந்த மசாலாக்கள் மற்ற தாய்லாந்துக் குழம்புகளில் இந்த அளவுக்குக் கிடையாது. சயாம் மன்னர் இரண்டாம் ராமர் (ஆட்சி 1809–1824) பட்டத்துக்கு வருவதற்கு முன் எழுதிய கவிதை ஒன்றில், காதலி சமைத்த மஸ்ஸமனின் சீரக மணத்தைப் புகழ்கிறார். ஆக அப்போதே அரண்மனையில் அது விரும்பிச் சாப்பிட்ட உணவு.

ஆனால் குருமாவோடு நிறுத்தாதீர்கள். அந்த மசாலாவோடு அவர்கள் அரத்தை, எலுமிச்சைப்புல், இறால் விழுது சேர்த்து இடிக்கிறார்கள். புளிக்கரைசலும் பனைவெல்லமும் சேர்க்கிறார்கள். புளி ஆப்பிரிக்கா. உள்ளே கிடக்கிற உருளைக்கிழங்கு ஆண்டீஸ், கடலை தென் அமெரிக்கா. கிராம்பும் ஜாதிக்காயும் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். ஒரே கிண்ணத்துக்குள் மூன்று பெருங்கடல்களின் வியாபாரமும் இருக்கிறது.

---

வடலி எழுதியது:

செல்வி அக்கா, முருங்கைக்காய் போட்டு ஒரு புளிக்குழம்பு தாய்லாந்தில இருக்கெண்டு கேள்விப்பட்டன். எப்பிடி வைக்கிறது? இஞ்ச கிரச்சாய் புதுசாக் கிடைக்காது. போத்திலில உப்புத்தண்ணியில போட்டது இருக்கு, ஐஸ்பெட்டியில உறைய வச்சதும் இருக்கு. எதை வாங்கட்டும்?

---

செல்வி_சியாங்மாய் எழுதியது:

கெங் சோம் அது. காய்ந்த மிளகாயை ஊறவைத்து உப்போடு இடித்து, சின்ன வெங்காயம், கிரச்சாய், இறால் விழுது சேர்த்து மசிக்க வேண்டும். வேகவைத்த மீன் கொஞ்சம் எடுத்து உதிர்த்து அதிலேயே இடித்துக்கொண்டால் குழம்பு கெட்டியாக வரும். எண்ணெயே வேண்டாம், தாளிப்பும் கிடையாது. தண்ணீர் கொதித்ததும் மசாலைக் கரைத்து, புளிக்கரைசல், மீன் சாறு, துளி வெல்லம். முருங்கைக்காயை இங்கே மேல்தோலை முழுக்கச் சீவிவிட்டுத்தான் போடுகிறார்கள், அப்போதுதான் புளி உள்ளே இறங்கும். மீன் துண்டுகளைக் கடைசியில் போட்டுக் கிளறாமல் விட்டுவிடு, கிளறினால் வாடை வரும். இதே குழம்பில் அகத்திப்பூவும் போடலாம், நடுவில் இருக்கிற கசப்பு நரம்பை மட்டும் கிள்ளி எடுத்துவிடு.

கிரச்சாய்க்கு ஐஸில் உறைந்ததையே வாங்கு. போத்தலில் இருப்பது உப்பையும் புளிப்பையும் ஏற்றிக்கொண்டுவிடும், குழம்பின் கணக்குக் கெட்டுப்போகும். உறைந்ததை முழுக்க இளக விடாமல் பாதி விறைப்பாக இருக்கும்போதே அரிந்து உரலில் போடு, இளகினால் சாறெல்லாம் வடிந்துவிடும்.